டூ-இன்-ஒன் டேப்லெட்டா, சின்ன லேப்டாப்பா? கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்

கடையில் நின்றுகொண்டு பார்த்தால் டூ-இன்-ஒன் டேப்லெட்தான் எப்போதும் ஜெயிக்கும். மேஜை சரியான உயரத்தில் இருக்கும், மேலே பளிச்சென்று விளக்கு, விற்பனைப் பையன் ஒரு கையால் திரையைப் பிடித்து இழுத்ததும் டக்கென்று கீபோர்டு தனியாகக் கழன்று வரும், திரும்ப அருகில் கொண்டுபோனால் காந்தம் கவ்விக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் 13 இன்ச் லேப்டாப் பாவம், திறக்கவும் மூடவும் தவிர ஒரு வித்தையும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். விலைச்சீட்டைப் பார்த்தாலும் பல சமயம் டேப்லெட்தான் குறைவு. அப்புறம் என்ன யோசனை என்று வாங்கி வந்துவிடுகிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வரும். இந்த இரண்டு வருடமாகக் கேள்வி ஒரே மாதிரிதான்: "டேப்லெட்டும் லேப்டாப்பும் ஒண்ணாவே வருதாமே, அதையே வாங்கிடலாமா?" இரண்டு வகையையும் நான் வேலைக்கும் வீட்டுக்குமாக நிறைய நாள் வைத்து அடித்திருக்கிறேன், அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ப்ராசசர், ஜிபி எல்லாம் அப்புறம். முதலில் நான் பார்ப்பது, கருவியின் கனம் எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை.

லேப்டாப்பில் பேட்டரி, மதர்போர்டு எல்லாமே கீபோர்டுக்கு அடியில். திரை வெறும் மூடி மாதிரி லேசாக இருக்கும். அதனால் எங்கே வைத்தாலும் அது தானாக நிற்கும், திரையை எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பின்னால் விழாது. டூ-இன்-ஒன்னில், அதாவது கழற்றி மாட்டும் வகையில், அத்தனையும் திரைக்குப் பின்னால். கீபோர்டு ஒரு தடித்த அட்டைதான். தலைகனத்த பொருளை நிறுத்த வேண்டுமென்றால் இரண்டே வழி: பின்னால் ஒரு கால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கீபோர்டையே கனமாக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் முதல் வழியில் போனது, ஐபேடுக்கு வரும் மேஜிக் கீபோர்டு இரண்டாவது வழியில் போனது. டூ-இன்-ஒன்னின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

முதல் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜை இருக்கும்வரை கிக்ஸ்டாண்ட், அதாவது அந்தப் பின்பக்கக் கால், அருமையான ஏற்பாடு. 2014-இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 3-இலிருந்து நினைத்த கோணத்தில் நிறுத்தலாம் என்றாகிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் மேஜையில் உட்கார்ந்தா எல்லோரும் வேலை செய்கிறோம்? கட்டிலில் சாய்ந்துகொண்டு, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு. தொடைமேல் வைத்தால் கிக்ஸ்டாண்டின் மெல்லிய விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடாகப் பதியும், கட்டியிருப்பது வேட்டியோ நைட்டியோ என்றால் துணி வழுக்கி அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும், திரை மல்லாக்கப் போகும், நீங்கள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருப்பீர்கள். உயரம் குறைந்தவர்களுக்கு இன்னும் சிரமம், தொடையின் நீளமே போதாது. சம்மணம் போட்டால் கால் நிற்க இடமே இல்லை, நடுவில் பள்ளம்.

ரயிலிலும் இதே கதைதான். சாதாரண 13 இன்ச் லேப்டாப்புக்கு முன்பின்னாக 21, 22 சென்டிமீட்டர் இருந்தால் போதும். கிக்ஸ்டாண்ட் வைத்த டேப்லெட்டுக்கு கீபோர்டின் அளவு போக, பின்னால் காலை நீட்ட இன்னொரு பத்து சென்டிமீட்டர் வாக்கில் வேண்டும். சதாப்தி, வந்தே பாரத் மாதிரி ரயில்களில் முன் இருக்கையின் முதுகிலிருந்து இறக்கும் அந்தச் சாப்பாட்டுத் தட்டில் லேப்டாப் எப்படியோ உட்கார்ந்துவிடுகிறது. டேப்லெட்டை வைத்தால் கீபோர்டின் பாதி தட்டுக்கு வெளியே தொங்கும், முன்னால் இருப்பவர் சாய்ந்தால் அவ்வளவுதான். சைடு லோயரில் கிடைத்த நாளில் மட்டும் டேப்லெட் சௌகரியம், அதுவும் கீபோர்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறுமனே படம் பார்க்கும்போது.

இரண்டாவது வழியில் மடியில் வைப்பது ஓரளவு சரியாகிவிடும், ஆனால் எதற்காக டேப்லெட் வாங்கினோமோ அந்தக் காரணம் போய்விடும். 2020-இல் வந்த 12.9 இன்ச் ஐபேட் ப்ரோவின் எடை சுமார் 640 கிராம். அதற்கென்று வந்த மேஜிக் கீபோர்டு அதைவிடக் கனம், சேர்த்து வைத்தால் 1.35 கிலோ பக்கம் வரும். அதே வருடம் வந்த எம்1 மேக்புக் ஏர் 1.29 கிலோ. டேப்லெட் வாங்கினவர் லேப்டாப் வாங்கினவரைவிட அதிகம் சுமக்கிறார். கீபோர்டின் விலையும் அப்போது அமெரிக்காவிலேயே 349 டாலர், அந்தக் காசுக்கு ஆப்பிளின் அடிப்படை ஐபேட் ஒன்றே வாங்கியிருக்கலாம்.

சர்ஃபேஸ் பக்கம் எடை அவ்வளவு மோசமில்லை. ப்ரோ 7 சுமார் 775 கிராம், கீபோர்டு 300 கிராம் வாக்கில், மொத்தம் 1.1 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாதிரி 14 இன்ச் லேப்டாப்களே அந்த எடைக்கு வந்துவிட்டன, எல்ஜி கிராம் 14 இன்ச்சில் ஒரு கிலோவுக்குக் கீழேயே இறங்கியது. ஆக, லேசு என்ற ஒரே காரணத்துக்காக டூ-இன்-ஒன் வாங்குவதில் இப்போது அர்த்தமில்லை. 2012 வாக்கில் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சாதாரண லேப்டாப் என்றால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் அது.

விலைச்சீட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டேப்லெட்டின் விலை என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் டேப்லெட்டுக்கு. விளம்பரப் படத்தில் கீபோர்டும் பேனாவும் சேர்ந்தே நிற்கும், பெட்டியில் இருக்காது. லெனோவோவின் டூயட் க்ரோம்புக் மாதிரி கீபோர்டையும் பின்பக்கக் காலையும் பெட்டியிலேயே போட்டுக் கொடுப்பவை சில உண்டு, சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் பேனா உள்ளேயே வரும். மற்றபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகைக்கு ஒரு நல்ல 8 ஜிபி அல்லது 16 ஜிபி லேப்டாப் அதே கடையில் இருக்கும்.

2012-இல் ஆப்பிளின் டிம் குக்கிடம் இந்த ஒட்டுக் கருவிகளைப் பற்றிக் கேட்டபோது, டோஸ்டரையும் ஃப்ரிட்ஜையும் கூட ஒன்றாகச் சேர்த்துவிடலாம், ஆனால் வாங்குபவருக்கு அது பிடிக்காது என்கிற மாதிரி நக்கலடித்தார். மூன்றே வருடத்தில், 2015-இல், ஐபேட் ப்ரோவுக்கு அவர்களே கீபோர்டும் பேனாவும் விற்றார்கள். இந்தப் பக்கம் பில் கேட்ஸ் 2001-இல், இன்னும் ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் டேப்லெட் வகையாகத்தான் இருக்கும் என்று மேடையில் சொன்னார். அந்த ஐந்து வருடம் போய், மேலே இன்னும் பல ஐந்துகளும் போய்விட்டன. இரண்டு பேரும் தப்பு. ஆருடம் எல்லாம் நமக்கு வேண்டாம், நாம் தினமும் என்ன செய்கிறோம் என்று மட்டும் பார்க்கலாம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் முக்கியம் டைப்பிங். ஆங்கிலத்தில் வரும் விமர்சனங்களில் இந்த விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், காரணம் அவர்களுக்கு இது பிரச்சனையே இல்லை. நான் தமிழ்99 முறையில் அடிப்பவன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. கை பழகிவிட்டால் அதைப்போல வேகம் வேறெதிலும் வராது, ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். ஆனால் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கான விசைகள் நமக்குப் போதாதே. மிச்சம் வலது ஓரத்துக்குப் போகிறது. 'ந' இருப்பது அரைப்புள்ளி விசையில், 'ய' அதற்கு அடுத்த மேற்கோள்குறி விசையில், 'ச'வும் 'ஞ'வும் சதுர அடைப்புக்குறிகளில், 'ழ' சாய்கோட்டில்.

இப்போது ஒரு 10 இன்ச் டேப்லெட்டின் கீபோர்டைப் பாருங்கள். அகலம் போதவில்லை என்றதும் அவர்கள் எந்த விசைகளைச் சுருக்குகிறார்கள்? ஆங்கிலம் அடிப்பவருக்கு எப்போதாவது தேவைப்படும் அந்த வலது ஓரத்து விசைகளைத்தான். லெனோவோ டூயட்டில் அவை பாதி அகலத்துக்குக் குறுகிப் போயிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் முழுக்க அடித்தாலும் சதுர அடைப்புக்குறி ஒருமுறைகூட வராது. தமிழில் 'ச' இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். 'நான் சொன்னேன்' என்று அடிப்பதற்குள் சுண்டுவிரல் இரண்டு தடவை பக்கத்து விசையில் இடிக்கும், வேகமாக அடித்தால் எண்டர் விழுந்து பாதி வாக்கியம் வாட்ஸ்அப்பில் போய்விடும். 12 இன்ச்சுக்கு மேல் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, 13 இன்ச் லேப்டாப்பில் சுத்தமாக இல்லை. தமிழில் நிறைய அடிப்பவர்கள் கடையில் வேறெதையும் சோதிக்க வேண்டாம், இந்த ஐந்து விசைகளின் அகலத்தைப் பார்த்தால் போதும்.

மென்பொருள் பக்கமும் சமமில்லை. விண்டோஸில் தமிழ்99-உம் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக விழும் ஒலிபெயர்ப்பு முறையும் 2019-இலிருந்து உள்ளேயே வருகிறது. ஆப்பிள் கருவிகளில் தமிழ்99, அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்களில்தான் சிக்கல். தொடுதிரையில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் அந்த வசதி, தனியாகக் கீபோர்டை மாட்டியதும் நான் பயன்படுத்தியவற்றில் ஒழுங்காக வந்ததில்லை. வெறும் ஆங்கிலம் விழும். அதற்கென்று வேறு செயலி தேட வேண்டும். திரையிலேயே அடிக்கலாமே என்றால், கீபோர்டு பாதித் திரையைத் தின்றுவிடும், மிச்சம் உள்ள நாலு வரியில் என்னத்தை எழுதுவது?

சரி, எழுதுவது எல்லோருக்கும் வேலை இல்லை. மற்ற தினசரி வேலைகள்? வங்கி, மின்கட்டணம், டிக்கெட், யூடியூப், வீடியோ கால் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான், அதற்கெல்லாம் போனே போதும். வித்தியாசம் தெரிவது அரசாங்க வேலைகளிலும் கணக்கு வேலைகளிலும். என் தங்கை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிப் போக வசதியாக இருக்கும் என்று ஐபேட் வாங்க ஆசைப்பட்டாள். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனை எங்கே மாட்டுவாய் என்று மட்டும் கேட்டேன். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கனுக்கு ஒரு டிரைவர் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) நிறுவ வேண்டும், ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ் என்று கம்ப்யூட்டரில் ஓடும் துணை மென்பொருள் வேண்டும். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் அது நடக்காது. கணக்கு எழுதும் டேலி மென்பொருளும் விண்டோஸில்தான். விஷயம் அங்கேயே முடிந்தது, ஒரு சின்ன விண்டோஸ் லேப்டாப் வாங்கினாள், பழைய வகை யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறதா என்று பார்த்து.

விண்டோஸ் ஓடும் டூ-இன்-ஒன் என்றால் இது எல்லாம் சரியாகிவிடுமா? பெரும்பாலும். ஆனால் உள்ளே என்ன சிப் என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. 2012-இல் வந்த முதல் சர்ஃபேஸ் ஆர்டி, போனில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்பில் ஓடியது, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், பழைய விண்டோஸ் மென்பொருள் ஒன்றும் ஓடாது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. 2024-இலிருந்து வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்பும் ஆர்ம் வகைதான், ஆனால் அதை வைத்த கருவிகள் அப்படி இல்லை, பழைய மென்பொருளையும் மொழிமாற்றி நன்றாகவே ஓட்டிவிடுகின்றன, பேட்டரியும் நிற்கிறது. ஆனால் டிரைவர் என்ற ஒன்று மட்டும் அந்தச் சிப்புக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். வீட்டில் பத்து வருடத்துப் பிரிண்டரோ ஸ்கேனரோ இந்த மாதிரி டோக்கனோ இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிப் விஷயம் லேப்டாப்புக்கும் பொருந்தும்.

இவ்வளவு சொன்னதால் டேப்லெட்டுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். கனம் திரையில் இருப்பது ஒரு வேலைக்கு மட்டும் பெரிய வரம்: கையில் பிடித்துப் படிப்பதற்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய புத்தகங்களை லேப்டாப்பில் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. நீள்வாக்கான பக்கம், அகலவாக்கான திரை. பாதிப் பக்கம்தான் தெரியும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முறை உருட்ட வேண்டும், முழுப் பக்கமும் தெரிய வைத்தால் எழுத்து எறும்பு சைஸ். டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் அப்படியே பொருந்தும். அதிலும் ஐபேட் மாதிரி 4:3, சர்ஃபேஸ் மாதிரி 3:2 விகிதத் திரைகளில்தான் இந்தச் சுகம். சினிமாவுக்காக நீட்டி வைத்த 16:10 ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் நிமிர்த்தினால் ஒடுக்கமாக இருக்கும், மேலும் கீழும் வெறும் கறுப்புப் பட்டை.

என் அத்தை ஓய்வு பெற்ற தமிழாசிரியை. லேப்டாப் என்றால் அவருக்கு அலர்ஜி, டச்பேடில் விரலை வைத்தால் அம்பு எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்பார். டேப்லெட் கொடுத்த வாரத்திலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் பழைய உரைநூல்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார், பேனாவால் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார், அச்சுப்பிழையைக்கூட சிவப்பில் வட்டமிட்டு வைக்கிறார். அவருக்கு வாங்கிக் கொடுத்த கீபோர்டு மட்டும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. "அது எதுக்குப்பா எனக்கு, தூக்க முடியலை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். டூ-இன்-ஒன் வாங்கிய நிறைய வீடுகளில் நிலைமை இப்படித்தான், ஒன்று கீபோர்டு நிரந்தரமாகக் கழன்றிருக்கும், அல்லது நிரந்தரமாக ஒட்டியே இருக்கும். மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

அப்படி உண்மையிலேயே மாற்றிப் பயன்படுத்துபவர்களாக நான் பார்த்தது கணக்கு, இயற்பியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளை. தொகையீட்டுக் குறியை எந்தக் கீபோர்டில் அடிப்பது? பேனாவால் வகுப்பில் எழுதி, அன்றைக்கே அதே கருவியில் கீபோர்டை மாட்டி அசைன்மென்ட் அடித்து அனுப்புகிறார்கள். படம் வரைபவர்களும் அப்படித்தான், வீட்டு வரைபடத்தில் கையால் திருத்தம் போடும் இன்ஜினியர்களும். உங்கள் நாளில் பேனா வேலை நிஜமாகவே இருந்தால் டூ-இன்-ஒன் வாங்குங்கள், மேலே சொன்ன எல்லா எரிச்சலையும் அது ஈடுகட்டிவிடும். மாதத்துக்கு ஒரு பிடிஎஃபில் கையெழுத்துப் போடுவதெல்லாம் பேனா வேலை ஆகாது, அதை விரலாலேயே போனில் போட்டுவிடலாம்.

தமிழக அரசுகூட 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ விருப்பப்படி தரப்போவதாக அறிவித்தது. கடைசியில் அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது மடிக்கணினிக்குத்தான். பொதுவாக எல்லோருக்கும் ஒன்று என்றால் அதுதான் சரியான முடிவு என்பேன். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை கனமாக இருந்தன, மெதுவாக இருந்தன, ஆனால் எத்தனை பேர் அதில் டைப்பிங்கும் கோடிங்கும் பழகினார்கள். அந்தக் காலத்துப் பெட்டியில் ராமை மாற்றி, எஸ்எஸ்டி போட்டு இன்னும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அங்கேதான் அடுத்த வித்தியாசம் வருகிறது. பெரும்பாலான டேப்லெட்களில் இப்படி உள்ளே எதையும் மாற்ற முடியாது, அதைத் திறப்பதே பெரும்பாடு. திரைக்கும் உடலுக்கும் நடுவே பசை, சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், கை தவறினால் கண்ணாடி போச்சு. லேப்டாப்களும் யோக்கியமில்லை, கருவிகளைப் பிரித்துப் பார்த்து, பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட், 2017-இல் வந்த சர்ஃபேஸ் லேப்டாப்புக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது, பிரித்தால் திரும்பச் சேர்க்கவே முடியாத மாதிரி ஒட்டி வைத்திருந்தார்கள். பிறகு 2022-இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 9, டேப்லெட்டாக இருந்தும் 7 வாங்கியது. ஆனால் பொதுவாக, சாதாரண லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ, கழற்றினால் பேட்டரி கண்ணில் படும். சென்னை ரிச்சி தெருவில் அதற்கு கீபோர்டும் பேட்டரியும் ஏதாவது ஒரு கடையில் கிடைத்துவிடும்.

நான் வைத்திருந்த டூ-இன்-ஒன்னுக்கு (பெயர் வேண்டாம்) கீபோர்டின் இணைப்பு ஊசிகள் தேய்ந்து, திரையைக் கொஞ்சம் அசைத்தாலே கீபோர்டு செத்துச் செத்துப் பிழைத்தது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அந்த மாடலுக்கான கீபோர்டு இப்போது வருவதில்லை, புது மாடலுக்கு வருவது இதில் பொருந்தாது என்றார்கள். அளவு ஓரிரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், காந்தம்கூடப் பிடித்தது, ஊசி மட்டும் வேறு இடத்தில். கருவி நன்றாக இருக்க, கீபோர்டால் அது வெறும் டேப்லெட்டாகிவிட்டது. லேப்டாப்பில் கீபோர்டு போனால் மாற்றலாம், அதுவரை யூஎஸ்பி கீபோர்டை வைத்து ஓட்டலாம், மேஜையை விட்டு நகர முடியாது என்பதைத் தவிர வேலை நிற்காது. இதிலும் ப்ளூடூத் கீபோர்டு போடலாம்தான், போட்டேன், அப்புறம் எதற்கு டூ-இன்-ஒன்?

ஆயுளைக் குறைப்பது இன்னொன்று, மலிவான டூ-இன்-ஒன்களின் உள்ளே இருக்கும் 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும். 2018-இல் வந்த முதல் சர்ஃபேஸ் கோ ஒரு குட்டிக் கருவி, கீபோர்டு இல்லாமல் அரைக்கிலோ சொச்சம்தான். ஆனால் அடிப்படை மாடலில் அதே 4, 64. விண்டோஸ் 11 அதற்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. அதே 2018-இல் வந்த எட்டாம் தலைமுறை இன்டெல் சிப் லேப்டாப்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொண்டு இன்றும் ஓடுகின்றன. ஆன்லைன் தள்ளுபடி விற்பனையில் இருபதாயிரத்துக்குக் கீழே விண்டோஸ் டூ-இன்-ஒன் என்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோய்விடுங்கள்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. ஐபேட் ஆகட்டும் மேக்புக் ஆகட்டும், சுற்றுச்சூழல் வெப்பம் 35 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்றுதான் ஆப்பிளே போட்டிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் ஏசி இல்லாத மாடி அறையில் 35-ஐ நாம் காலை பத்து மணிக்கே தாண்டிவிடுகிறோம். ஃபேன் இல்லாத கருவிகள் அப்போது தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். டேப்லெட்டில் சூடெல்லாம் நீங்கள் பிடித்திருக்கும் முதுகிலேயே தெரியும், திரையின் வெளிச்சத்தையும் தானாகக் குறைத்துவிடும். ஃபேன் உள்ள லேப்டாப் இரைச்சல் போடும், ஆனால் ஓடும். மதியம் மொட்டை வெயில் நேரத்தில் நீளமான வீடியோ கால் பேசுபவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

360 டிகிரி மடங்கும் லேப்டாப்களைப் பற்றிக் கேட்பீர்கள். லெனோவோ யோகா, ஹெச்பி எக்ஸ்360 மாதிரி. அவற்றில் கனம் கீபோர்டு பக்கம்தான், அதனால் மடியில் லேப்டாப்பாகவே நடந்துகொள்ளும், நல்ல விஷயம். டேப்லெட்டாக மடித்தால் ஒண்ணேகால், ஒன்றரைக் கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் விசைகள் விரலில் நெருட ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் படிக்கப் போவதில்லை. கூடாரம் மாதிரி கவிழ்த்து சமையலறை மேடையில் வைத்து வீடியோ பார்க்க சௌகரியம், கீபோர்டில் மாவு படாது. கூடுதல் விலை சின்னதாக இருந்தால் வாங்கலாம்.

ஆக, என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்வது 13 அல்லது 14 இன்ச் லேப்டாப், ஒண்ணேகால் கிலோவை ஒட்டி, 16 ஜிபி ராம் முடிந்தால், சி டைப்பில் சார்ஜ் ஏறுவதாக. அந்த சி டைப்பை விடாதீர்கள், கரண்ட் போனால் 65 வாட் கொடுக்கும் பவர் பேங்க் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் ஆகும்; 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர் வாக்கில்தான் வரும், விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கும் 100-க்குள்ளேயே இருக்கும். படிக்கும் வேலை நிறைய உண்டு என்பவர்களுக்கு, அந்த லேப்டாப்போடு கீபோர்டு இல்லாத ஒரு சாதாரண டேப்லெட். இரண்டும் சேர்ந்தும் ஒரு நல்ல டூ-இன்-ஒன் செட்டின் விலையைத் தாண்டாது பல சமயம்.

அதற்கும் காசு இடிக்கிறது என்றால், கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துக்கட்டும் பழைய திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளைப் பாருங்கள். 12.5, 13, 14 இன்ச்களில், அருமையான கீபோர்டுடன், புதிதாக விற்ற விலையில் சின்னப் பங்குக்கே கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், காரணம் விண்டோஸ் 11. கடையிலேயே ஆன் செய்து எல்லா விசையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், மூடியை மெதுவாகத் திறந்து கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதை ஓட்டினால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புது பேட்டரி போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள், இல்லையென்றால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழித்துத் தருவார்கள்.